தயிரை நிறுத்தச் சொன்னார்கள்: சிறுநீரகக் கல்லும் லாக்டிக் அமிலமும்

கிட்னியில் கல் என்று ரிப்போர்ட் வந்த அன்றே வீட்டில் முதலில் நிற்பது தயிர். "புளிப்பு ஆகாது, அதுல ஆசிட் இருக்கு, கல்லு வளரும்" என்று பக்கத்து வீட்டு அத்தையிலிருந்து மெடிக்கல் ஷாப்காரர் வரை ஒரே பாட்டாகப் பாடுவார்கள். அடுத்த வாரமே இன்னொருவர் வந்து, "நல்லா புளிச்ச மோரா குடிங்க, கல்லு கரைஞ்சிடும்" என்பார். தயிரைப் புளிக்கவைக்கும் லாக்டிக் அமிலத்தைப் பற்றிய இந்த இரண்டு பேச்சுமே தப்பு. ஆனால் வலியில் சுருண்டு கிடக்கும்போது யார் எதைச் சொன்னாலும் நம்பத்தான் தோன்றும். எனக்குக் கல் வந்தபோது பக்கத்தில் இருந்து விவரம் சொல்ல ஆளில்லை. அப்போது தெரிந்திருந்தால் பணமும் பயமும் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும். அதனால்தான் கல் வந்தவர் எந்த வரிசையில் இதையெல்லாம் சந்திப்பாரோ அதே வரிசையில் எழுதுகிறேன்.

முதலில் வலி. விலாவுக்குக் கீழே முதுகுப் பக்கம் தொடங்கி, அடிவயிறு, தொடை இடுக்கு வரை இறங்கும். உட்கார்ந்தாலும் படுத்தாலும் அடங்காது, வாந்தி வரும், சிறுநீர் லேசாகச் சிவந்து போகலாம். இந்த நேரத்தில் "நிறையத் தண்ணி குடி, கல்லைத் தள்ளிடும்" என்பதைக் கேட்காதீர்கள். கல் சிக்கிச் சிறுநீர்க்குழாய் அடைபட்டிருக்கும்போது மேலிருந்து அழுத்தம் கூடினால் வலிதான் கூடும். தண்ணீரெல்லாம் வலி அடங்கிய பிறகு. கிட்னி நன்றாக வேலை செய்கிறவர்களுக்கு டைக்ளோஃபெனாக் 75 மில்லிகிராம் ஊசி பெரும்பாலும் கேட்கும். ஏற்கெனவே கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) அதிகம், அல்சர், இதய நோய் என்று ஏதாவது இருந்தால் ஊசி போடுவதற்கு முன்பே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். இரவு இரண்டு மணிக்கு கேஷுவாலிட்டியில் அதை யாரும் தோண்டிக் கேட்க மாட்டார்கள்.

ஊசி போட்ட கையோடு டிரிப்ஸ் ஏற்றுவார்கள். பாட்டிலில் "ரிங்கர் லாக்டேட்" என்றோ "காம்பவுண்ட் சோடியம் லாக்டேட்" என்றோ எழுதியிருக்கும். கூட வந்தவர் செல்போனில் தேடிப் பார்த்துவிட்டு, "லாக்டிக் ஆசிட்டை ஏத்துறாங்க" என்று பதறுவார். பதற வேண்டாம். லாக்டிக் அமிலம் வேறு, அதன் உப்பான லாக்டேட் வேறு. பாட்டிலில் இருப்பது சோடியத்தோடு சேர்ந்த உப்பு, லிட்டருக்கு ஏறக்குறைய 28 மில்லிமோல். அது கல்லீரலுக்குப் போய் எரிந்து, கடைசியில் பைகார்பனேட்டாக, அதாவது காரமாகத்தான் உடம்பில் மிஞ்சும். சிட்னி ரிங்கர் 19ஆம் நூற்றாண்டில் தயாரித்த கரைசலில், 1930களில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அலெக்சிஸ் ஹார்ட்மன் லாக்டேட்டைச் சேர்த்ததே, நோயுற்ற குழந்தைகளின் ரத்தத்தில் ஏறும் அமிலத்தன்மையைக் குறைக்கத்தான். இன்னும் சொன்னால், கல் வகைகளில் ஒன்றான யூரிக் அமிலக் கல்லைக் கரைக்க சோடியம் லாக்டேட்டையே நரம்பு வழியாக ஏற்றிச் சிறுநீரைக் காரமாக்கும் முறை ஒரு காலத்தில் இருந்தது. கல்லீரல் மோசமாகக் கெட்டவர்களுக்கு மட்டும் டாக்டர்கள் வேறு திரவம் பார்ப்பார்கள்.

அடுத்தது ஸ்கேன். இங்கேதான் பலருக்குப் பணம் இரண்டு தடவை போகிறது. யூரிக் அமிலக் கல் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது. அல்ட்ராசவுண்டில் கிட்னிக்குள் இருக்கும் கல் தெரியும், சிறுநீர்க்குழாயின் நடுப்பகுதியில் சிக்கிய கல் தப்பிவிடும். "ஒண்ணும் இல்ல, கேஸா இருக்கும்" என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டு, மறுபடி வலி வந்து, மறுபடி ஸ்கேனுக்குப் போகிறவர்கள் ஏராளம். மருந்து ஏற்றாத சி.டி. ஸ்கேன்தான் தீர்மானமாகச் சொல்லும். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் கதிர்வீச்சு காரணமாக முதலில் அல்ட்ராசவுண்டுதான். சி.டி. ரிப்போர்ட்டில் கல்லின் நீளத்தைப் பார்த்துவிட்டு எல்லோரும் மூடி வைத்துவிடுகிறார்கள். "எச்.யு." என்று ஓர் எண் இருக்கும், கல்லின் அடர்த்தி அது. 500க்குக் கீழே இருந்தால் யூரிக் அமிலக் கல்லாக இருக்க வாய்ப்பு அதிகம். 1000க்கு மேலே போனால் கால்சியம் கல். ரிப்போர்ட்டில் அந்த எண் இல்லாவிட்டால் ரேடியாலஜி டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள், அதற்குத் தனிக் காசு கிடையாது. மருந்தால் கரையுமா, கருவியால் உடைக்க வேண்டுமா என்ற கேள்விக்கு அதில்தான் பாதி பதில் இருக்கிறது. கருவி என்றால் தனியாரில் யூரெட்டரோஸ்கோப்பி (சிறுநீர்ப் பாதை வழியாகக் கருவியை விட்டுக் கல்லை எடுப்பது), லேசர், ஸ்டென்ட் (சிறுநீர் வடிய உள்ளே வைக்கும் மெல்லிய குழாய்) எல்லாம் சேர்த்து ஊருக்கு ஊர் மாறினாலும் அரை லட்சத்தை எளிதில் தாண்டிவிடும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், அந்த மருத்துவமனையும் அந்தச் சிகிச்சையும் திட்டத்தில் வருகிறதா என்று அட்மிஷனுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

ஐந்து மி.மீ.க்கு உட்பட்ட கல் மூன்றில் இரண்டு பேருக்குத் தானாக இறங்கிவிடும். ஐந்திலிருந்து பத்து வரை என்றால் பாதிப் பேருக்கு. நாலு முதல் ஆறு வாரம் வரை பார்க்கலாம் என்பார்கள், குழாயின் கீழ்ப்பகுதியில் சிக்கியிருந்தால் இரவில் குழாயைத் தளர்த்தும் டாம்சுலோசின் 0.4 மில்லிகிராம் கொடுப்பார்கள். எழுந்ததும் தலை சுற்றும், மெதுவாக எழுந்திருங்கள். இந்தக் காத்திருப்புக் காலத்தில்தான் பீர் ஆலோசனை வரும். "ரெண்டு பீர் அடிச்சா கல்லு பிச்சுக்கிட்டு வரும் மச்சான்." அளவாகக் குடிப்பவர்களிடம் புதுக் கல் குறைவாக வருகிறது என்று சொல்லும் ஆய்வுகள் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் சிக்கி நிற்கிற கல்லுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உண்மையிலேயே லாக்டிக் அமிலம் கல் விஷயத்தில் வில்லனாக வரும் இடம் இதுதான். ஆல்கஹாலைக் கல்லீரல் எரிக்கும்போது பைருவேட் என்ற இடைப்பொருள் எல்லாம் லாக்டேட்டாக மாறி ரத்தத்தில் ஏறுகிறது. கிட்னியின் நுண்குழாய்ச் செல்களில் ஒரு பண்டமாற்றுக் கதவு உண்டு. 2002இல் அடையாளம் கண்டு யூ.ஆர்.ஏ.டி.1 என்று பெயரிட்டார்கள். உள்ளே லாக்டேட் நிறைய இருந்தால் அதை வெளியே தள்ளி, சிறுநீரில் போய்க்கொண்டிருக்கும் யூரிக் அமிலத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். ரத்தத்தில் யூரிக் அமிலம் தேங்கும், கவுட் (யூரிக் அமிலம் மூட்டில் படியும் நோய்) இருப்பவருக்குக் கால் பெருவிரல் வீங்கும். லாக்டேட் இறங்கியதும் தேங்கியது வெளியேற வரும். அதற்குள் உடம்பு வறண்டு, சிறுநீர் சுண்டி, அமிலமாகியிருக்கும். கல் கட்ட அதைவிட வசதியான நேரம் இல்லை. பீரில் பியூரின் வேறு இருக்கிறது, அது யூரிக் அமிலத்தின் மூலப்பொருள்.

காத்திருக்கும்போது ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பொறுமை கூடாது. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், அது இரவா ஞாயிற்றுக்கிழமையா என்று பார்க்காமல் கிளம்புங்கள். அடைபட்ட கிட்னிக்குள் கிருமி புகுந்துவிட்டது என்று அர்த்தம். அங்கே ரத்தத்தில் லாக்டேட் அளவு பார்ப்பார்கள். சாதாரணமாக லிட்டருக்கு 2 மில்லிமோலுக்குள் இருக்க வேண்டியது 4ஐத் தொட்டால் ஐ.சி.யு.தான். இந்த லாக்டேட்டுக்கும் தயிருக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. கிருமித்தாக்கத்தில் ரத்த ஓட்டமும் செல்களின் இயக்கமும் தடுமாறுவதால் ஏறுவது அது. ஆன்டிபயாடிக் மட்டும் போட்டுப் பார்ப்போம் என்றால் போதாது. டி.ஜே. ஸ்டென்ட்டோ முதுகு வழியாக ஒரு குழாயோ வைத்து, தேங்கியதை வடித்தாக வேண்டும். கல்லை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம். வைத்த ஸ்டென்ட்டை எடுக்கும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். மாதக்கணக்கில் மறந்தால் அதன் மேலேயே கல் படியும், அப்புறம் அதை எடுப்பது தனி ஆபரேஷன்.

சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னொன்று. கல் அடைத்து, வாந்தியில் உடம்பு வறண்டு, கிரியாட்டினின் ஏறும்போது அந்த மாத்திரை வெளியேற வழியில்லாமல் தேங்கும். ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஆபத்தான அளவுக்குப் போவதற்கு அது ஒரு காரணம். அபூர்வம்தான், ஆனால் உயிரை எடுக்கக்கூடியது. ஒற்றைக் கிட்னியோடு இருப்பவர்களும், இரண்டு பக்கமும் கல் உள்ளவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். வாந்தி நிற்காவிட்டாலோ சிறுநீர் குறைந்தாலோ அன்றைய மாத்திரையைப் போடலாமா வேண்டாமா என்று டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். மாத்திரைப் பட்டியல் செல்போனில் போட்டோவாக இருக்கட்டும்.

கல் இறங்கும் காலம் முழுவதும் டீ வடிகட்டி ஒன்றைத் தனியாக வாங்கி அதன் வழியாகவே சிறுநீர் கழியுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. மணல் துகள் மாதிரி பழுப்பாக ஏதாவது மாட்டினால் தண்ணீரில் அலசி, காயவைத்து, சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் போடுங்கள். ஃபார்மலின், ஸ்பிரிட் எதுவும் ஊற்ற வேண்டாம், டிஷ்யூ பேப்பரில் சுற்றவும் வேண்டாம், நார் ஒட்டிக்கொள்ளும். லேபில் கொடுக்கும்போது அகச்சிவப்பு முறையில் செய்வார்களா என்று கேளுங்கள். பழைய ரசாயனச் சொட்டு முறை கலப்புக் கற்களில் தவறும். ஆயிரம், இரண்டாயிரம் செலவாகும். மொத்தச் செலவில் இதைவிட உருப்படியான செலவு கிடையாது என்பது என் அபிப்பிராயம். ஆபரேஷன் செய்தாலும் துண்டுகளைக் கேட்டு வாங்குங்கள், கேட்காவிட்டால் குப்பைக்குப் போய்விடும். கல்லின் வகை தெரியாமல் இருக்கும் பத்தியமெல்லாம் குருட்டுப் பத்தியம்.

இப்போது தயிர். அதில் லாக்டிக் அமிலம் ஒரு சதவீதத்தை ஒட்டி இருக்கும். ஒரு கப் தயிரில் போவது ஒன்றிரண்டு கிராம். அதைக் கல்லீரல் எரித்துவிடும், சிறுநீரில் அமிலமாக வந்து சேர்வது இல்லை என்றே சொல்லலாம். சிறுநீரை உண்மையில் அமிலமாக்குவது ஆட்டுக்கறி, கோழி, மீன், முட்டை மாதிரியான புரதங்களில் உள்ள கந்தகம். ஆக, நாக்கில் புளிப்பது சிறுநீரில் புளிக்க வேண்டும் என்று சட்டமில்லை. மாறாக, அதிகம் பேருக்கு வருகிற கால்சியம் ஆக்சலேட் கல்லுக்குத் தயிர் காவல். தயிரின் கால்சியம் (100 கிராமில் ஏறத்தாழ 120 மில்லிகிராம்) குடலிலேயே கீரையில் இருக்கும் ஆக்சலேட் என்ற பொருளைப் பிடித்துக்கொள்ளும், இரண்டும் மலத்தோடு போய்விடும். கால்சியத்தை நிறுத்தினால் ஆக்சலேட் தடையில்லாமல் ரத்தத்தில் ஏறிக் கிட்னிக்கு வரும். இத்தாலியில் சிறுநீரில் கால்சியம் அதிகம் போகும், கல் திரும்பத் திரும்ப வந்த 120 ஆண்களை ஐந்து வருடம் பின்தொடர்ந்து 2002இல் வெளியிட்ட ஆய்வு உண்டு. கால்சியத்தைக் குறைத்தவர்களைவிட, தினம் 1200 மில்லிகிராம் கால்சியத்தை வழக்கம்போலச் சாப்பிட்டு உப்பையும் மாமிசப் புரதத்தையும் குறைத்தவர்களுக்கு மறுபடி கல் வந்தது பாதி அளவுதான்.

முக்கியமானது நேரம். தயிரைத் தனியாக நாலு மணிக்குச் சாப்பிட்டால் இந்தப் பயன் குறைவு. சிறுகீரை, தண்டுக்கீரை, பாலக், பீட்ரூட், சேப்பங்கிழங்கு, வேர்க்கடலை, பாதாம் எது தட்டில் இருக்கிறதோ அதே வேளையில் தயிரும் இருக்க வேண்டும். "கீரையும் தயிரும் சேரக்கூடாது" என்ற வீட்டுச் சட்டம் கல் விஷயத்தில் நேர் எதிர். கீரையை நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் ஆக்சலேட் கணிசமாகக் குறையும். தக்காளி விதை கல்லாகும் என்பதும் கதை, தக்காளியில் ஆக்சலேட் குறைவு. மோரில் பார்க்க வேண்டியது அமிலத்தை அல்ல, உப்பை. சோடியம் கூடினால் சிறுநீரில் கால்சியம் கூடும். உப்பு போட்ட பாக்கெட் மோர், தொட்டுக்கொள்ள மோர் மிளகாய், மாவடு, அப்பளம் என்று போனால் தயிர் செய்த நல்லதை உப்பு கெடுத்துவிடும். ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராம் உப்பு, அதாவது ஒரு டீஸ்பூன். உப்பில்லாத மோர், கறிவேப்பிலை, இஞ்சி, போதும்.

சரி, புளித்த மோர் கல்லைக் கரைக்குமா? முட்டை ஓட்டை வினிகரில் போட்டால் நுரைத்துக் கரைகிறதே, அதுபோலத்தான் கல்லும் என்று நினைக்கிறார்கள். வெந்நீர்ப் பாத்திரத்தில் படியும் வெள்ளை உப்பையும் லாக்டிக் அமிலம் கரைக்கும். அவை கால்சியம் கார்பனேட். மனிதக் கல்லில் இருப்பது பெரும்பாலும் கால்சியம் ஆக்சலேட், அது வினிகர் மாதிரி மெல்லிய அமிலத்துக்கு அசையாது, ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டும். மேலும், குடித்த மோர் அப்படியே கிட்னிக்குப் போவதில்லை என்று ஏற்கெனவே பார்த்தோம். வாழைத்தண்டுச் சாறும் இதே கதைதான். தண்ணீரும் பொட்டாசியமும் கிடைக்கும், நல்லதுதான், உள்ளே கட்டிய ஆக்சலேட் கல்லைக் கரைக்காது. தயிரின் பாக்டீரியா ஆக்சலேட்டைத் தின்றுவிடும் என்று புரோபயாடிக் பொட்டலம் விற்கிறார்கள். சில லாக்டோபேசில்லஸ் வகைகளுக்கு அந்தத் திறன் உண்டு என்பது உண்மை. ஆனால் மனிதர்களிடம் செய்த சோதனைகளில் முடிவு ஒரு மாதிரியாக வரவில்லை. அந்தப் பணத்தில் நல்ல பால் வாங்கி வீட்டில் உறை ஊற்றலாம்.

கல் யூரிக் அமிலம் என்று வந்தால் அதிர்ஷ்டம் என்றே சொல்வேன், மருந்தால் கரையும் கல் அது. சிறுநீரின் பி.எச். (அமிலமா காரமா என்று காட்டும் எண், குறைந்தால் அமிலம்) 5.5 அளவில் யூரிக் அமிலத்தில் பாதி கரையாத வடிவத்தில் இருக்கும். 6.5க்கு ஏற்றினால் பத்தில் ஒன்பது பங்கு கரையும் வடிவத்துக்கு வந்துவிடும். சர்க்கரை, தொப்பை உள்ளவர்களுக்குச் சிறுநீர் இயல்பாகவே அமிலமாக இருக்கும், அதனால்தான் அவர்களுக்கு இந்தக் கல் அதிகம். இதற்குப் பொட்டாசியம் சிட்ரேட். பொதுவாக ஒரு நாளைக்கு 30 முதல் 60 மில்லி ஈக்விவலன்ட் (மருந்தில் mEq என்று எழுதியிருக்கும் அளவு), இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து, உணவுக்குப் பின், நிறையத் தண்ணீரோடு. லாக்டேட் போலவே சிட்ரேட்டும் எரிந்து காரமாகும். கூடவே அது சிறுநீரில் கால்சியத்தையும் பிடித்துவைக்கும். கடையில் கேட்டால் "எரிச்சலுக்கு" என்று டைசோடியம் ஹைட்ரஜன் சிட்ரேட் சிரப்பை நீட்டுவார்கள். அதில் இருப்பது சோடியம், கல்காரருக்கு நீண்டநாள் மருந்து அல்ல. பொட்டாசியம் மருந்தை டாக்டர் அளவில்லாமல் எடுக்காதீர்கள். கிட்னி பலவீனமானவர்களுக்கும், ராமிப்ரில், டெல்மிசார்டன், ஸ்பைரனோலாக்டோன் மாதிரி பிரஷர், இதய மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் பொட்டாசியம் ஏறி இதயம் தடுமாறலாம். தொடங்கிய ஒரு வாரத்தில் ரத்தப் பரிசோதனை வேண்டும்.

பி.எச். பார்க்க லேபுக்கு அலைய வேண்டாம், சிறுநீரில் நனைத்தால் நிறம் மாறும் ஸ்டிரிப் போதும். ஆரஞ்சு நிறம் 5, மஞ்சள் 6, பச்சை 7, நீலம் அதற்கு மேல். அப்போதே பிடித்த சிறுநீராக இருக்க வேண்டும். வைத்துப் பார்த்தால் பாக்டீரியா அம்மோனியா விட்டு எண்ணை ஏற்றிக் காட்டும். பல கட்டங்கள் உள்ள ஸ்டிரிப் என்றால், நனைத்ததும் விளிம்பைப் பாத்திர ஓரத்தில் இழுத்து மிச்சத்தை வடியுங்கள், படுக்கையாகப் பிடியுங்கள். செங்குத்தாகப் பிடித்தால் பக்கத்துப் புரதக் கட்டத்தின் அமிலம் வழிந்து பி.எச். கட்டத்தைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். காலை முதல் சிறுநீர், மாலை, படுக்கும் முன் என்று குறித்து வாருங்கள். 6.5 முதல் 7 வரை இலக்கு. 7ஐத் தாண்டித் தாண்டிப் போனால் கால்சியம் பாஸ்பேட் படியும், மருந்தைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். சில வாரம் முதல் மூன்று மாதத்துக்குள் கல் சுருங்குவது ஸ்கேனில் தெரியும்.

ஜிம், ஓட்டம், பேட்மின்டன் உள்ளவர்கள் லாக்டிக் அமிலத்துக்குப் பயந்து நிறுத்த வேண்டாம். கடுமையான பயிற்சியில் ரத்த லாக்டேட் பத்து மடங்கு ஏறினாலும் ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடும். பிரச்சினை அதன் கூட்டாளிகள்: வியர்வையில் சிறுநீர் சுண்டும், பி.எச். இறங்கும், சிட்ரேட்டும் குறையும். அமிலச் சுமை வந்தால் கிட்னி சிட்ரேட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளும், அப்போது கால்சியம் கல்லுக்கும் வழி திறக்கும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு லிட்டருக்குக் குறையாமல் குடிக்க வேண்டும். நம் வெயிலில் எவ்வளவு குடித்தோம் என்ற கணக்கு ஏமாற்றும், எவ்வளவு கழிக்கிறோம் என்பதுதான் கணக்கு. நாளுக்கு இரண்டரை லிட்டர். விடுமுறை நாளில் ஒரு தடவை அளவு ஜாடியில் பிடித்துப் பாருங்கள், பெரும்பாலும் ஒன்றரைகூடத் தேறாது.

கல் இரண்டாம் தடவை வந்தவர்கள் 24 மணி நேரச் சிறுநீர்ப் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள். வலியெல்லாம் ஓய்ந்து ஆறு வாரம் கழித்து, வழக்கமான சாப்பாடு சாப்பிடும் நாளில் செய்யுங்கள். காலை முதல் சிறுநீரைக் கழிப்பறையில் விட்டுவிட்டு நேரம் குறித்து, அதன் பின் ஒரு சொட்டு விடாமல் கேனில் சேர்த்து, மறுநாள் அதே நேரத்துச் சிறுநீரோடு முடிக்க வேண்டும். கால்சியம், ஆக்சலேட் பார்க்க லேபில் பொதுவாக அமிலம் ஊற்றிய கேன் தருவார்கள், தோலில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பி.எச்., யூரிக் அமிலம் பார்க்க அமிலம் இல்லாத கேன் வேண்டும், இல்லாவிட்டால் யூரிக் அமிலம் அடியில் படிந்து எண் தப்பாகும். ஒரே கேனில் எல்லாம் பார்த்துவிடலாம் என்று கவுன்ட்டரில் சொன்னால், எதை எந்தக் கேனில் பார்க்கிறார்கள் என்று எழுதி வாங்கிக்கொண்டு, ரிப்போர்ட்டோடு அதையும் யூராலஜிஸ்ட்டிடம் காட்டுங்கள்.